கழிப்பறை வாசலில் ஒரு சிவப்பு முகம்

பேருந்து நிலையத்துக் கழிப்பறையைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குப் ‘பளிச்சு’ என்று பெயர் வைத்தவர்கள் ஓட்டுநர்கள். கேலிக்கு வைத்தார்களா, மெச்சி வைத்தார்களா என்று கேட்டால் இரண்டும் கலந்துதான். பொதுக் கழிப்பறை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய், மூச்சை அடக்கியபடியே ஓடி வருவதுதான் உலக வழக்கம். அவள் பொறுப்பில் இருந்த இடத்தில் நின்று நிதானமாகத் தலைசீவிக்கொண்டு வரலாம். வெளியூர்ப் பேருந்தில் வருகிறவர்கள் சிலர் வழியில் எங்கும் இறங்காமல் அடக்கிக்கொண்டு வந்து அவளிடம்தான் சேர்வார்கள். ஒரு கழிப்பறைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததால் வந்த மிதப்பும் உண்டு. ஆண்கள் பக்கம் கழுவப் போகும்போது வாளியை வாசற்படியில் மூன்று தட்டுத் தட்டி, “உள்ள யாரு? முடிச்சிட்டு வாங்க, நான் வரேன்” என்று குரல் கொடுப்பாள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையாக வெளியே வருவார்கள். கை கழுவிவிட்டு ஈரத்தை உதறுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. “உதறுறதுக்கு வெளிய எவ்வளவு இடம் கெடக்கு, என் தரைதான் கெடைச்சுதா?” என்பாள். மாநகராட்சி கட்டிய தரையை அவள் என் தரை என்று சொல்வதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த வேலையை அவள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் சுத்தம் இல்லை. அவள் வீடு பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது. புருஷன் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். படியில் நின்றுகொண்டிருக்கும்போது வண்டி சட்டென்று திரும்ப, தூக்கியெறியப்பட்டு முதுகெலும்பில் அடி. உயிர் பிழைத்தார்; இடுப்புக்குக் கீழே உடம்பு சொன்ன பேச்சு கேட்பதில்லை. அவரை நாள் முழுக்க ஒரே பக்கமாகப் படுக்கவிட்டால் புண் வந்துவிடும், வந்தால் லேசில் ஆறாது என்று மருத்துவமனை நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் மதியம் ஆனால் பளிச்சு வீட்டுக்கு ஓடுவாள். அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, துணி மாற்றி, சோறூட்டி, இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடி வருவாள். அவளுடைய பிழைப்பு மொத்தமும் இந்தச் சந்துக்கும் அந்த நிலையத்துக்கும் நடுவில் இருந்த தூரத்தை நம்பி நடந்துகொண்டிருந்தது.

அவள் இல்லாத அந்த நேரத்துக்குக் கழிப்பறையைப் பார்த்துக்கொண்டவள் வாசலில் தள்ளுவண்டி போட்டிருந்த பழக்காரி. இவளைவிட மூத்தவள், பேச்சு கம்மி, எடைக்கல்லை வைப்பதைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பாள். “போயிட்டு வா, நான் இருக்கேன்” என்பாள், அவ்வளவுதான். கைம்மாறாகப் பழக்காரி வெட்டித் தரும் பப்பாளித் துண்டு ஒன்றைப் பளிச்சு தின்னவேண்டும். வேண்டாம் என்றால் பழக்காரிக்குக் கோபம் வரும். யார் யாருக்குக் கைம்மாறு செய்கிறார்கள் என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் மாநகராட்சிக்கு நவீனம் வந்தது.

சுகாதார ஆய்வாளர் ஒருநாள் காலையில் இரண்டு ஆட்களோடு வந்து, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெட்டியைப் பொருத்தினார். கண்ணாடி முகப்பு. அதில் மூன்று முகங்கள். தள்ளியிருந்தது சிரிக்கும் பச்சை, நடுவில் வாயைக் கோடாக வைத்துக்கொண்ட மஞ்சள், தொட்டியை ஒட்டி உதடு கவிழ்ந்த சிவப்பு.

“பொதுமக்கள் கருத்து சொல்றதுக்கும்மா. நல்லா இருந்தா பச்சையைத் தொடுவாங்க. பரவால்லன்னா மஞ்சள். நாறுதுன்னா சிவப்பு” என்றார் ஆய்வாளர்.

“என் இடம் நாறுதா?”

“நான் சொல்லல. சொல்லணும்னா ஜனங்க சொல்லட்டும். ஊர்ல இருக்குற எல்லாக் கழிப்பறையிலயும் வெச்சிருக்கோம். எல்லாம் நேரா ஆபீசுக்கு வந்துடும். மாசக் கடைசியில எது மோசமோ, அந்த ஆளை லாரி ஷெட்டுக்கு மாத்திட்டு அங்க வேற ஆளைப் போடுவோம்.”

குப்பை லாரிகள் நிற்கும் அந்த ஷெட் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். போக ஒரு பேருந்து, வர ஒரு பேருந்து. மதியம் வீட்டுக்கு வந்து போவது நடக்காத காரியம். ஆனால் பளிச்சு அன்று பயப்படவில்லை. பரீட்சை என்றால் படிக்காதவன்தான் பயப்படவேண்டும் என்பது அவள் நினைப்பு. “வைங்க சார், நல்லா வைங்க. ஆணி ஆடாம வைங்க” என்று ஏணியைக்கூடப் பிடித்துக்கொண்டாள்.

பொருத்திய ஆள் போகும்போது ஒன்று மட்டும் சொன்னான். “ஈரத்துணி போடாதீங்கம்மா, உள்ள தண்ணி போயிடும். காஞ்ச துணியால துடைங்க.”

சொல்லவே வேண்டாம். புருஷனின் பழைய பனியனைக் கிழித்து மெத்தென்று ஒரு துணி செய்து, அதைப் பெட்டிக்கென்றே தனியாக வைத்துக்கொண்டாள். அந்தப் பெட்டி அவளுக்குப் பிடித்துவிட்டது. முக்கியமாக அதன் மரியாதை பிடித்துவிட்டது. துடைத்து முடித்தால் கண்ணாடியில் ‘நன்றி’ என்று எழுத்து வரும்.

“தொடச்சதுக்கு நன்றி சொல்லுதுங்க” என்றாள் புருஷனிடம். “இத்தனை வருஷத்துல ஒரு மனுஷன் சொன்னதில்ல.”

“நான் சொன்னதில்லையா?”

“நீங்க சொல்லுவீங்க. என்னமோ டிக்கெட் கிழிச்சுக் குடுக்குற மாதிரி சொல்லுவீங்க.”

முதல் மாதக் கடைசியில் ஆய்வாளர் வந்தார். முகம் சரியில்லை. கைப்பேசியைத் திறந்து ஒரு படம் காட்டினார். ஊரிலுள்ள கழிப்பறைகளெல்லாம் அதில் கட்டை கட்டையாக நின்றன. சந்தைக் கழிப்பறை, பகலிலேயே உள்ளே போகப் பயப்படும் இடம், அதற்குக்கூடப் பச்சை பாதிக்கு ஏறியிருந்தது. பேருந்து நிலையம் ஒரேயடியாகச் சிவந்து கிடந்தது.

“சார், இது என்னுது இல்ல. மாத்திப் பாக்குறீங்க” என்றாள்.

“பேர் போட்டிருக்கே.”

“அப்ப பேரை மாத்திப் போட்டுட்டாங்க.”

“ஏம்மா, மிஷின் பொய் சொல்லுமா? முதல் மாசங்கறதால விடுறேன். அடுத்த மாசம் நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

அவர் போனபின் அவள் வெகுநேரம் தொட்டியருகிலேயே நின்றாள். அவமானமாக இருந்தது. வேலை போகுமோ என்ற பயத்துக்கு முன்னால் அவமானம்தான் வந்தது. தினமும் சிரித்துவிட்டுப் போகிறவர்களும் “பளிச்சக்கா, ஜோர்” என்கிறவர்களும் முதுகுக்குப் பின்னால் சிவப்பைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றால் பிறகு எதைத்தான் நம்புவது?

அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து கழுவுவது. கழுவினாள். முன்பு நாலு தடவை கழுவியதை இப்போது ஓயாமல் கழுவினாள். பெட்டியையும் விடவில்லை. தொட்டியில் கழுவுகிறவர்கள் கைநீர் தெறித்து, கிட்டத்தில் இருந்த சிவப்பு முகத்தில்தான் எப்போதும் சொட்டுச் சொட்டாக நிற்கும். அதைப் பார்த்தால் எரிச்சல் வரும். பனியன் துணியை எடுத்து முதலில் அங்கே ஒரு அழுத்து, பிறகு அப்படியே மற்ற இரண்டையும் ஒரு இழுப்பு. மிஷின் நன்றி சொல்லும். ஒருவர் கை கழுவினால் ஒரு தடவை, இருவர் கழுவினால் இரண்டு தடவை.

வாரம் திரும்புவதற்குள் நிலைமை இன்னும் மோசம் என்று ஆய்வாளர் போனில் சொன்னார்.

பிறகு அவள் ஆட்களைக் கண்காணிக்கத் தொடங்கினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பெரும்பாலோர் பெட்டியைத் திரும்பியே பார்ப்பதில்லை. பேருந்து கிளம்பும் அவசரத்தில் இருப்பவனுக்குக் கருத்து எங்கிருந்து வரும்? தொட்டவர்களும் அவள் முறைப்பைப் பார்த்துப் பயந்து பச்சையைத் தொட்டார்கள். ஒரு ஓட்டுநர் விளையாட்டாகச் சிவப்பின்மேல் விரலைக் கொண்டுபோனதற்கு அவள் துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள். அதிலிருந்து அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். தலைசீவ நின்றவர்களும் நிற்பதில்லை. பளிச்சு என்று கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். இருந்த நல்ல பெயரைக் காப்பாற்றப் போய் அதை அவளே கெடுத்துக்கொண்டிருந்தாள். சொன்னால் கேட்கிற நிலையில் அவள் இல்லை.

புருஷன் படுத்தபடியே ஒரு யோசனை சொன்னார். “நீயே பச்சையை நாலு தட்டு தட்டிட்டு வாயேன்.”

“எனக்கு நானே கைதட்டிக்கவா? வேற வேலை இல்ல?”

“தட்டலன்னா லாரி ஷெட்டு.”

“தெரியும். சும்மா இருங்க.”

மாதம் முடியச் சில நாட்கள் இருக்கையில் ஆய்வாளர் மறுபடி வந்தார். ஆள் கெட்டவர் இல்லை. தன் கீழிருக்கும் ஆள் கெட்டுப்போனால் தனக்கும் பதில் சொல்லும் வேலை வரும் என்ற கவலை அவருக்கு. “ஆபீஸ்ல பாத்தோம்மா. நாள் முழுக்கவே விழுது, ஆனா மதியத்தை ஒட்டித்தான் ரொம்ப விழுது. அந்த நேரத்துல யாராவது வேணும்னே தட்டுறாங்களா? உனக்கு யாரோடயாவது ஆகாதா?”

மதியம் என்ற சொல் அவள் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது.

மதியம் அங்கே இருப்பது பழக்காரிதான். யோசிக்க யோசிக்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. போன மாதம் பழக்காரி பழக்கூடையைக் கொண்டுவந்து கைகழுவும் தொட்டியில் அலசினாள். தொட்டி முழுக்கத் தோலும் காம்புமாக அடைத்துக்கொண்டது. பளிச்சு நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டாள். பழக்காரி ஒன்றும் பேசாமல் குனிந்து காம்பையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போனாள். பேசுகிறவர்களை நம்பலாம், பேசாமல் போகிறவர்கள்தான் மனதில் வைத்திருப்பார்கள் என்று இப்போது தோன்றியது. மதியம் வீட்டுக்குப் புறப்படும்முன் தானே பெட்டியைப் பலதடவை பார்த்துப் பார்த்துத் துடைப்பதும், திரும்பி வந்ததும் பழச்சாறு பட்ட கைகள் தொட்டிருக்குமே என்று மறுபடி நாலைந்து தடவை துடைப்பதும் அவள் நினைவுக்கு வரவேயில்லை. துடைப்பதை யாராவது கணக்கில் வைப்பார்களா?

“பழக்காரிதான் சார்” என்றாள். “வாசலை அடைச்சிக்கிட்டு வேற நிக்குது.”

ஆய்வாளர் கைப்பேசியில் விரலை நாலு ஓட்டு ஓட்டினார். “நுழைவாயிலில் இடையூறுன்னு போட்டுட்டேன். இனிமே தானா நடக்கும்.”

தானாகத்தான் நடந்தது. மறுநாள் மாநகராட்சி வண்டி வந்தது. இரண்டு ஆட்கள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாலைக்கு அந்தப் பக்கம், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் விட்டார்கள். காலியான வாசலைப் படம் எடுத்துக்கொண்டார்கள். பளிச்சு உள்ளே குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய இடத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது பழக்காரி எடைக்கல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

“பாத்தியா, திடீர்னு வந்து தூக்கிட்டுப் போறாங்க” என்றாள் பழக்காரி. “யார் என்ன சொன்னாங்களோ தெரியல.”

பளிச்சு குனிந்து வாளியின் கைப்பிடியைச் சரிசெய்தாள்.

“அது கெடக்கட்டும். நாளையில இருந்து மதியம் நீ எப்படிப் போவ? யாரு பாத்துப்பா?”

“பூட்டிட்டுப் போறேன்க்கா” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

பழக்காரி போனபிறகும் சிவப்பு குறையவில்லை. பூட்டிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் முன்பைப் போலவே விழுந்துகொண்டிருந்தது. ஆய்வாளருக்கே குழப்பம். கணினிப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, பெட்டியை மட்டும் பார்க்கிற மாதிரி எதிர்ச்சுவரில் ஒரு சின்னக் கேமராவை வைத்துவிட்டுப் போனாள். சரி, இப்போது அகப்படுவான் என்று பளிச்சு நினைத்தாள். பழக்காரி இல்லையென்றால் வேறு யார்? அந்த ஓட்டுநரா? இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள்.

கணினிப் பிரிவு ஓர் அறைதான். மேசைமேல் திரை. ஆய்வாளர், அந்தப் பெண், இன்னும் இரண்டு பேர். எல்லோர் முகத்திலும் அடக்கிவைத்த சிரிப்பு. உட்காரச் சொல்லி, படத்தை ஓடவிட்டார்கள். ஒருவர் கை கழுவிவிட்டுப் போகிறார். திரையில் ஒரு கை வருகிறது, பனியன் துணியோடு. சிவப்பு முகத்தில் ஒரு அழுத்து. ‘நன்றி’. அடுத்த ஆள் கழுவிவிட்டுப் போகிறார். அதே கை. அதே துணி. ‘நன்றி’.

“முதல்ல எங்க படுதோ அதைத்தான் அது எடுத்துக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் தூங்கிடும்” என்றாள் கணினிப் பெண். “துணி மெல்லிசா இருக்கறதால விரல்னு நெனச்சிடுது. உங்க இடம்தான்மா இந்த ஊர்லயே ரொம்ப சுத்தம். எவ்வளவு துடைச்சீங்களோ அவ்வளவு சிவப்பு.”

அறையே சிரித்தது. மற்ற இருவரில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பளிச்சுக்கும் சிரிப்பு வந்திருக்கவேண்டிய இடம்தான் அது. ஒரு மாதம் முன்பு என்றால் வந்திருக்கும். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயப்படாதம்மா” என்றார் ஆய்வாளர். “துணியால விழுந்ததெல்லாம் கணக்குல சேராது, எழுதிட்டோம். மாத்தல் கெடையாது. துடைக்கறதுக்கு முன்னாடி அணைக்க ஒரு பொத்தான் வெச்சுக் குடுக்குறோம்.”

“தப்பிச்சீங்க” என்றாள் கணினிப் பெண். “ஒரே நாள்ல இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா நேரா ஆணையர் போனுக்கே போயிருக்கும். அவரே வந்து நின்னிருப்பார். விதி அப்படி.”

“சார், பழக்காரம்மா?” என்றாள் பளிச்சு.

ஆய்வாளருக்கு யாரென்றே முதலில் நினைவு வரவில்லை. வந்ததும், “அது முடிஞ்சுபோன புகார்மா” என்றார்.

“நான் தப்பா சொல்லிட்டேன் சார். அதைத் திருப்பி வாங்கிக்கங்க.”

“திருப்பி வாங்கறதுக்கு இதுல வழி இல்லியே. போடறதுக்குத்தான் இருக்கு. தீர்த்துவைக்கப்பட்டதுன்னு படத்தோட போயிடுச்சு.” அவர் நிஜமாகவே கைப்பேசியில் தேடிப் பார்த்தார். “ஆணையர் மனசு வெச்சா உண்டு.”

அன்று மாலை புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். துணி கதையைக் கேட்டு அவர் கட்டில் ஆடச் சிரித்தார். பழக்காரி கதை வந்ததும் சிரிப்பு நின்றது.

“அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

“இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?”

மறுநாள் மதியம் பூட்டிவிட்டு, வீட்டு வேலையை முடித்துக்கொண்டு, சாலையைத் தாண்டிப் போனாள். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஆள் நடமாட்டமே இல்லை. வாழைப்பழம் கறுத்துத் தொங்கியது. பழக்காரி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பளிச்சு நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, யார் சொன்னது, ஏன் சொன்னது, கடைசியில் யார் கை என்று மூன்றையும் சொன்னாள்.

பழக்காரி வெகுநேரம் பழங்களை இங்கிருந்து அங்கே அடுக்கினாள். அடுக்க அதிகம் இல்லை.

“நான்னு நெனச்சியா?” என்றாள் கடைசியில்.

“நெனச்சேன்க்கா. மன்னிச்சிடுங்க.”

“மன்னிப்பை நீயே வெச்சுக்க. என் இடத்தைக் குடு.”

கேட்டது நியாயம். பளிச்சு ஆணையர் அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் இருந்த கடைநிலை ஊழியர், நேரில் மனு வாங்குவதில்லை, கைப்பேசியில் போடவேண்டும் என்றார். அவரையே போடச் சொன்னாள். போட்டார். ‘இந்த இடம் குறித்த புகார் ஏற்கெனவே தீர்க்கப்பட்டது’ என்று வந்தது. மறுபடி போட்டார், மறுபடி வந்தது. “அதுதான் தீர்ந்துபோச்சுங்குதே, இன்னும் என்ன?” என்று அவர் அவளையே கேட்டார். அவள் அன்று அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு வந்ததுதான் மிச்சம்.

இரவுச் சாப்பாடு ஊட்டும்போது அவள் புருஷனிடம், “ஆணையரை இங்க வரவைக்க ஒரு வழி இருக்கு” என்றாள். என்ன வழி என்று சொன்னாள். “ஆனா அப்புறம் என்னை லாரி ஷெட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்தத் தடவை எழுதித் தப்பிக்க முடியாது. மதியம் உங்களைத் திருப்ப ஆள் இருக்காது.”

அவர் மென்றுகொண்டே விட்டத்தைப் பார்த்தார். “அந்தப் பக்கச் சுவர்ல ஒரு பல்லி இருக்கு, இந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு. மதியம் திரும்பி ரெண்டாவதைப் பாக்கறதில்லன்னு வெச்சுக்கறேன்” என்றார். பிறகு சிரிக்காமல், “போய்ச் செய்” என்றார். அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள், அவர் அடுத்த வாய்க்காகக் காத்திருந்தார்.

காலையில் கழிப்பறையை எப்போதும்போல் கழுவினாள். ஒரு குறை வைக்கவில்லை. பிறகு கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, பெட்டி முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எதிர்ச்சுவர்க் கேமராவுக்கு முகம் தெரிகிற மாதிரித் திரும்பிக்கொண்டு, சிவப்பு முகத்தைத் தொட்டாள். ‘நன்றி’. அது விழிக்கும்வரை பொறுத்திருந்து மறுபடி தொட்டாள். கை கழுவ வந்தவர்கள், “என்னக்கா, இவ்வளவு சுத்தமா வெச்சுக்கிட்டு நீங்களே இதைத் தொடறீங்க?” என்றார்கள். “நீங்க பச்சையைத் தொடாதீங்க, அது போதும்” என்றாள்.

மதியத்துக்கு முன் ஆய்வாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “என்னம்மா பண்ற? பைத்தியமா?” அவள் தொட்டாள். “கையை எடு!” தொட்டாள். அவருக்குப் பின்னாலேயே ஆணையரின் வண்டி வந்து நின்றது.

ஆணையர் நடுத்தர வயதுக்காரர், அவசரப்படாத ஆள். உள்ளே போய் இரண்டு பக்கமும் பார்த்தார். வெளியே வந்து கை கழுவினார், உதறவில்லை. “இவ்வளவு நல்லா இருக்கே. ஏன் தொட்டீங்க?” என்றார்.

சொன்னாள். இடையூறு என்று யாரோ விரலை நாலு ஓட்டு ஓட்டியதையும், அதைத் திருப்ப வழியில்லாததையும், அந்த யாரோவிடம் போட்டுக்கொடுத்தது தான்தான் என்பதையும் சொன்னாள். ஆய்வாளர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணையர் வாசலில் வண்டி நின்றிருந்த இடத்தை நடந்து அளந்தார். இரண்டு பேர் தாராளமாகப் போகலாம். கைப்பேசியை எடுத்து யாரிடமோ பேசினார். “அந்தம்மா பழைய இடத்துக்கு வந்துடலாம்” என்றார். பேசி முடிக்கத் தும்முகிற நேரம்கூட ஆகவில்லை.

பிறகு அவள் பக்கம் திரும்பினார். “துணி தொட்டதுக்கு விலக்கு குடுத்தோம். கை தொட்டதுக்குக் குடுக்க முடியாது. உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு ஊர்ல எல்லாரும் தொட ஆரம்பிச்சிடுவாங்க. புரியுதா?”

“புரியுது சார்.”

“ஒண்ணாம் தேதியில இருந்து லாரி ஷெட்.”

“சரி சார்” என்றாள். அவர் போனதும் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தாள். தெறித்திருந்த நீரைத் துடைத்தாள். புதிதாக வைத்த பொத்தானால் பெட்டியை மறக்காமல் அணைத்துவிட்டுத்தான் துடைத்தாள்.

பழக்காரியின் வண்டி மறுநாளே வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் பேச்சு வரவில்லை. பளிச்சு மதியம் பூட்டப் போனால் பழக்காரி பூட்டவேண்டாம் என்று கையை நீட்டித் தடுப்பாள். முன்புபோல் வாசலைப் பார்த்துக்கொள்வாள். பப்பாளித் துண்டு கிடையாது. கேட்கவும் பளிச்சுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு ஆள் தேடி அவள் சந்து முழுக்க அலைந்தாள். எல்லோருக்கும் தலைக்குமேல் வேலை. பக்கத்து வீட்டுக்காரிக்கு இடுப்பு வலி, எதிர்வீட்டுக்காரர் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா?

கடைசி நாள் மாலை பொருள்களை ஒப்படைத்தாள். வாளி, துடைப்பங்கள், பினாயில். பனியன் துணியை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். நாளை முதல் புருஷன் காலையில் படுத்த வாக்கிலேயே மாலைவரை கிடக்கவேண்டும். அதை நினைக்காமல் இருக்கத் தெரியவில்லை அவளுக்கு. தள்ளுவண்டியைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

“இந்தா” என்றது பழக்காரியின் குரல்.

நின்றாள். பழக்காரி இவளைப் பார்க்கவில்லை. ஒரு சாத்துக்குடியை எடுத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பக்கமா திருப்பணும் அவரை? காலையில எந்தப் பக்கம் படுக்கவெச்சிட்டுப் போவ?”

பளிச்சு குனிந்த தலையை நிமிர்த்தினாள்.

“உனக்காக இல்ல. உன்கூட நான் இன்னும் பேசல” என்றாள் பழக்காரி. “வீட்டுச் சாவியை எங்க வெப்ப, அதைச் சொல்லு.”